ஒளிக்கு இடம் தந்த சிற்பி

அகமதாபாத்திலும் டாக்காவிலும் அரிய கட்டடங்களை எழுப்பிய லூயி கானின் வாழ்வும் சிருஷ்டிகளும்

இருபதாம் நூற்றாண்டில் கட்டடக் கலையின் போக்கை மாற்றியமைத்த மேதைகள் என்று உலகம் விரல்விட்டு எண்ணும் சிலருள், ஐம்பது வயது வரையில் பெயர் சொல்லத்தக்க கட்டடம் ஒன்றையும் எழுப்பாதிருந்து, அதன்பின் வாய்த்த இருபத்துமூன்று ஆண்டுகளுக்குள் காலத்தை வென்று நிற்கத்தக்க சிருஷ்டிகளை அடுத்தடுத்து அளித்துவிட்டு மறைந்தவர் லூயி கான். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் வாழ்ந்து, அங்கேயே ஆசிரியத் தொழிலும் செய்துவந்த அவர் கட்டி முடித்தவை எண்ணிக்கையில் மிகவும் சொற்பம். வரைந்து வைத்தும் கட்டப்படாமற் போனவையே அதிகம். ஆயினும் கட்டப்பட்டவற்றுள் இரண்டு, அவருடைய ஆற்றலின் சிகரமென்று ரசிகர்களும் விமரிசகர்களும் கொண்டாடும் இரண்டு, நம்முடைய உபகண்டத்திலேயே இருக்கின்றன. ஒன்று குஜராத்தின் அகமதாபாத் நகரிலுள்ள இந்திய மேலாண்மைக் கழகம். மற்றொன்று வங்கதேசத்தின் தலைநகரான டாக்காவில் நீர்நிலையின் நடுவே நிற்கும் அந்நாட்டு நாடாளுமன்றம்.

செல்வம் கொழிக்கும் தேசத்துச் சிற்பி ஒருவர், தம்முடைய தலைசிறந்த படைப்புகளை ஏழை நாடுகளின் செங்கல்லையும், சித்தாட்கள் தலைச்சுமையாய்ச் சுமந்த கான்கிரீட்டையும் கொண்டு நிர்மாணித்தார் என்பது சிந்திக்கத்தக்க விஷயம். பொதுக் கட்டடம் ஒன்றின் கம்பீரம் அதில் இழைத்த பொருள்களின் விலையைப் பொறுத்ததன்று என்பதையும், அந்த ஸ்தாபனம் மனித சமூகத்தில் எதன்பொருட்டுத் தோன்றியது என்ற கேள்வியை எவ்வளவு ஆழமாகக் கேட்டோம் என்பதைப் பொறுத்ததே அது என்பதையும் வாழ்நாள் முழுவதும் போதித்தவர் அவர். பள்ளிக்கூடம் என்றால் என்னவென்று அவரைக் கேட்டால், வகுப்பறைகளின் கணக்கை அவர் சொல்லமாட்டார். தாம் ஆசிரியர் என்பதை அறியாத ஒருவர் மரத்தடியில் அமர்ந்து தாம் உணர்ந்ததைச் சொல்ல, தாங்கள் மாணவர் என்பதை அறியாத சிலர் அதைக் கேட்டார்களே, அங்கேதான் பள்ளிக்கூடம் பிறந்தது என்பார். அந்த ஆதி நிலையை மறவாமல் கட்டவேண்டும் என்பதே அவருடைய சித்தாந்தத்தின் சாரம்.

தழும்பும் வறுமையும்

1901 பிப்ரவரி 20 அன்று, அக்காலத்தில் ருஷ்யப் பேரரசின் ஆளுகைக்கு உட்பட்டிருந்த எஸ்தோனியாவில், ஷ்முயிலோவ்ஸ்கி என்னும் பெயர் கொண்ட ஏழை யூதக் குடும்பத்தில் அவர் பிறந்தார். மூன்று வயதுப் பாலகனாயிருக்கையில், அடுப்பில் கனன்றுகொண்டிருந்த நிலக்கரியின் பிரகாசத்தில் மனம் பறிகொடுத்து, அந்தக் கனலை அள்ளித் தன் மேலாடையில் இட்டுக்கொள்ள, அது பற்றியெரிந்து முகத்தையும் கைகளையும் சுட்டுவிட்டது. அதனால் உண்டான தழும்பு ஆயுள் முழுவதும் அவர் முகத்தில் இருந்தது. பிழைத்தெழுந்த பிள்ளை பெரியவனாவான் என்று தாயார் நம்பியதாகக் குடும்பத்தார் சொல்வதுண்டு. ஒளியின் கவர்ச்சிக்கு அவ்வளவு இளமையிலேயே விலை கொடுத்தவர், பிற்காலத்தில் கட்டடத்தின் உயிரே அதனுள் வந்து சேரும் ஒளிதான் என்று ஓயாமல் உபதேசித்தார்.

1906-ஆம் ஆண்டில் குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து பிலடெல்பியாவில் தங்கியது. சில ஆண்டுகளுக்குப் பின் அந்நாட்டுப் பிரஜைகளானபோது கான் என்ற பெயரை ஏற்றார்கள். வறுமையோ தீர்ந்தபாடில்லை. ஊமைப்படங்கள் ஓடிய காலத்தில் கொட்டகைகளில் பியானோ வாசித்துப் பொருள் சேர்த்த அந்தச் சிறுவன், சித்திரம் எழுதுவதில் காட்டிய அபாரமான திறமையால் பரிசுகளைப் பெற்றான். ஓவியனாவதே அவனுடைய உத்தேசம். உயர்நிலைப் பள்ளியின் கடைசி ஆண்டில் கட்டடக் கலையின் சரித்திரத்தைப் பற்றிக் கேட்ட பாடங்களே அவன் வாழ்க்கையைத் திசைதிருப்பின. பென்சில்வேனியா சர்வகலாசாலையில், பிரெஞ்சுக்காரரான பால் கிரெட் என்னும் ஆசிரியரிடம் பழைய மரபில் பயின்று, 1924-இல் பட்டம் பெற்றார். ரோமாபுரியின் மண்டபங்களும் பண்டைக் கோயில்களும் எவ்வாறு அளவோடும் ஒழுங்கோடும் அமைந்தன என்பதை அங்கே கற்ற கல்வி, முப்பது ஆண்டுகள் விதைபோல் அவருக்குள் உறங்கிக் கிடந்து, பின்னரே முளைத்தது.

படித்து முடித்துச் சில ஆண்டுகளுக்குள் உலகப் பொருளாதாரம் சரிந்தது. வேலையற்ற கட்டடக் கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டு ஏழைகளின் குடியிருப்புப் பிரச்சினையை ஆராயும் குழு ஒன்றை அமைத்தார். 1930-இல் மணந்துகொண்ட எஸ்தரின் சம்பாத்தியத்திலேயே வீடு நடந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது தொழிலாளர்களுக்கான எளிய குடியிருப்புகளை வேறு சிலரோடு சேர்ந்து வடிவமைத்தார். பயனுள்ள பணிகள்தாம், ஆனால் அவற்றைப் பார்த்தவர் எவரும் பின்னாளில் வரவிருந்த கானை அவற்றில் ஊகித்திருக்க முடியாது.

ஐம்பதில் மலர்ந்த கலை

1947 முதல் யேல் சர்வகலாசாலையில் ஆசிரியராக இருந்த அவருக்கு, 1950-இன் இறுதியில் ரோமிலுள்ள அமெரிக்கக் கலைக்கழகத்தில் சில மாதங்கள் தங்கும் வாய்ப்புக் கிடைத்தது. அங்கிருந்து கிரேக்கத்துக்கும் எகிப்துக்கும் சென்று, பாழடைந்த மண்டபங்களையும் பிரமிடுகளையும் நேரில் கண்டு, வண்ணக்கோல்களால் அவற்றை எழுதி எழுதிப் பார்த்தார். கூரையும் பூச்சும் கதவும் சாளரமும் உதிர்ந்துபோன பின்னும் அந்தச் சுவர்கள் ஏன் இன்னும் நம்மை வணங்க வைக்கின்றன என்ற கேள்வி அவரைப் பற்றிக்கொண்டது. அக்காலத்து நவீனக் கட்டடக் கலையோ எடையற்ற கண்ணாடிப் பெட்டிகளைச் செய்வதிலேயே திருப்தி கண்டிருந்தது. கனமும் கம்பீரமும் நிழலும் மௌனமும் நவீன காலத்துக்கும் உரியவையே என்ற தெளிவோடு அவர் ஊர் திரும்பினார்.

அந்தத் தெளிவின் முதற்பலன், 1953-இல் முடிந்த யேல் சர்வகலாசாலையின் கலைக்கூடம். அதன் உட்கூரை முக்கோணக் கூடுகளாக வார்க்கப்பட்ட கான்கிரீட்டாலானது; அக்கூடுகளின் ஊடேதான் விளக்குகளும் காற்றுக் குழாய்களும் செல்கின்றன. இந்த வடிவக் கணிதத்தில் அவருடன் பணியாற்றிய ஆன் டிங் என்னும் பெண்மணியின் பங்கு பெரிது. எதையும் பொய்க்கூரையிட்டு மறைக்காமல், கட்டடம் எப்படிக் கட்டப்பட்டதோ அப்படியே கண்ணுக்குத் தெரியவேண்டும் என்ற அவருடைய கொள்கை இங்கே பிரத்தியட்சமாயிற்று.

அடுத்து வந்தது டிரென்டன் நகரில் ஒரு நீச்சற்குளத்துக்கான சிறிய குளியல் மண்டபம். வெறும் கான்கிரீட் கட்டிகளாலான சுவர்களும் நான்கு கூரைகளும் கொண்ட மிகச் சிறிய கட்டடம் அது. ஆயினும் தம்மைத் தாமே கண்டுகொண்டது அங்கேதான் என்று கான் கூறுவது வழக்கம். ஏவல் செய்யும் இடங்கள், ஏவல் கொள்ளும் இடங்கள் என்று கட்டடத்தின் பகுதிகளைப் பிரித்தறியும் முறை அதிலே உதித்தது. நம் பழைய வீடுகளில் கூடமும் முற்றமும் ஒரு வகையாகவும், அவற்றுக்கு ஊழியம் செய்யும் சமையற்கட்டும் கிணற்றடியும் வேறு வகையாகவும் தத்தம் இடமறிந்து அமைந்திருந்ததைப்போல, படிக்கட்டுக்கும் குழாய்க்கும் காற்றோட்டத்துக்கும் தனியிடம் வகுத்துவிட்டால், மனிதர் வாழும் அறை இடையூறின்றித் தன் முழு உருவத்தோடு விளங்கும் என்பதே அதன் தாத்பரியம். இந்த முறையைப் பெரிய அளவில் கையாண்டு, 1957-இல் தொடங்கி, பென்சில்வேனியா சர்வகலாசாலையில் ரிச்சர்ட்ஸ் மருத்துவ ஆய்வுக்கூடத்தை எழுப்பினார். காற்றை இழுக்கவும் கழிக்கவும் அமைந்த செங்கற் கோபுரங்கள் வானளாவ நிற்க, இடையே ஆய்வறைகள் அமைந்தன. உலகம் அதைக் கண்டு வியந்தது. நியூயார்க் நவீனக் கலைக்கூடம் அந்த ஒரு கட்டடத்துக்கென்றே 1961-இல் கண்காட்சி நடத்தியது. உள்ளே பணிசெய்த விஞ்ஞானிகளுக்கோ ஜன்னல்களின் வழியே வந்த வெயிலால் கண் கூசிற்று. அவர்கள் கண்ணாடிகளில் தகடுகளை ஒட்டிக்கொண்டார்கள். அந்தக் குறையை மறக்காமல், அடுத்த கட்டடங்களில் ஒளியை அடக்கி ஆளும் கலையை அவர் பயின்றார் என்பதுதான் அவருடைய பெருமை.

கடலை நோக்கும் ஆய்வுக்கூடம்

இளம்பிள்ளை வாதத்துக்குத் தடுப்பு மருந்து கண்டு, கோடானுகோடிக் குழந்தைகளைக் காத்த ஜோனாஸ் சால்க், கலிபோர்னியாவில் லா ஹோயா என்னுமிடத்தில் பசிபிக் பெருங்கடலின் கரைமேட்டில் ஓர் ஆய்வு ஸ்தாபனம் அமைக்க விரும்பி, 1959-இல் கானை அணுகினார். ஓவியர் பிக்காசோவை அழைத்து வந்து அமர்த்தக்கூடிய இடமாக அது இருக்கவேண்டும் என்பது சால்க் விதித்த நிபந்தனை; விஞ்ஞானத்தையும் கலையையும் இரண்டாகப் பார்க்காத அந்த மனிதர் கானுக்கு ஏற்ற துணையாய் அமைந்தார். வரைபடங்களெல்லாம் பூர்த்தியாகிப் பணி தொடங்கும் தறுவாயில், அமைப்பு தமக்கு நிறைவளிக்கவில்லை என்று சால்க் சொல்ல, சற்றும் சலியாமல் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ஆதியிலிருந்து தொடங்கினார் கான்.

இன்று அங்கே எதிரெதிராக நிற்கும் இரண்டு நீண்ட ஆய்வுக்கூடங்களுக்குள் ஒரு தூண்கூட இல்லை. ஒவ்வோர் ஆய்வுத் தளத்துக்கும் மேலே, குழாய்களும் கம்பிகளும் செல்வதற்கென்றே ஆள் நடமாடும் உயரத்தில் ஒரு தனித்தளம் அமைந்திருப்பதால், விஞ்ஞானத்தின் தேவைகள் மாறும்போதெல்லாம் சுவரை இடிக்காமலே உள்ளமைப்பை மாற்றிக்கொள்ள முடிகிறது. விஞ்ஞானிகள் தனித்திருந்து சிந்திப்பதற்கான சிறு அறைகள், ஒவ்வொன்றும் கடலைக் காணும்படி கோணம் திரும்பி, தேக்குமரச் சட்டங்களுடன் நிற்கின்றன. கான்கிரீட்டை வார்த்தபோது பலகைகளின் பொருத்துவாய்களில் உண்டான கோடுகளைத் தேய்த்து அழிக்காமல், அவையே அணியாக விளங்கும்படி முன்கூட்டித் திட்டமிட்டு விட்டுவைத்தார். நடுவேயுள்ள முற்றத்தில் மரங்கள் நடுவதாகத்தான் முதலில் எண்ணியிருந்தார். மெக்சிகோ தேசத்துச் சிற்பியான லூயிஸ் பாராகானை 1966-இல் அழைத்து யோசனை கேட்டபோது, ஓர் இலைகூட இங்கே வேண்டாம், இதைக் கல் பாவிய வெளியாக விட்டுவிட்டால் ஆகாயமே இதற்கு முகப்பாகும் என்ற கருத்துப்பட அவர் சொன்னார். பிறர் சொன்ன நல்ல யோசனையை அக்கணமே ஏற்கும் பெருந்தன்மை கானுக்கு இருந்தது. மரமற்ற அந்த முற்றத்தின் நடுவே ஒரு மெல்லிய நீரோடை மட்டும் மேற்கே கடலை நோக்கிச் செல்கிறது. சமஇரவு நாட்களில் சூரியன் அந்தக் கோட்டின் முனையிலேயே அஸ்தமிக்கிறது.

அகமதாபாத்தின் செங்கல்

சுதந்திர இந்தியாவில் நிர்வாகக் கல்விக்கென ஓர் உயர்ந்த ஸ்தாபனத்தைக் காணவேண்டுமென்று விஞ்ஞானி விக்ரம் சாராபாயும், ஆலை அதிபர் கஸ்தூர்பாய் லால்பாயும் முனைந்து நின்ற காலம் அது. அகமதாபாத்தின் செல்வர்கள் கலையில் பற்றுடையவர்கள். ஏற்கெனவே பிரெஞ்சுச் சிற்பி லெ கொர்புசியேயை அழைத்து ஆலை அதிபர் சங்கத்தின் மாளிகையையும் வேறு சில கட்டடங்களையும் எழுப்பியவர்கள். கொர்புசியேயிடம் பணியாற்றிய இளைஞர் பாலகிருஷ்ண தோஷியிடம் இந்தப் பணியையும் ஒப்படைக்க அவர்கள் எண்ணியபோது, தம்மைவிடத் தகுதியுடையவர் ஒருவர் இருக்கிறார் என்று கானின் பெயரைச் சொன்னார் தோஷி. தமக்கு வரவிருந்த பெரும் வாய்ப்பை இன்னொருவருக்கு மனமுவந்து அளித்த அந்த உதாரகுணத்தை எண்ணும்போது, 2018-இல் கட்டடக் கலையின் மிகப் பெரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு தோஷியை வந்தடைந்தது முற்றிலும் பொருத்தமே என்று தோன்றுகிறது. 1962-இல் கான் அகமதாபாத்துக்கு வந்தார்.

எஃகும் சிமெண்டும் தட்டுப்பாடாயிருந்த தேசத்தில் எளிதாய்க் கிடைப்பது செங்கல். செங்கல்லிடம் சென்று நீ என்னவாக விரும்புகிறாய் என்று கேட்டால், வளைவாக விரும்புகிறேன் என்று அது சொல்லும் எனத் தம் மாணவர்களுக்குக் கான் கூறிவந்தது உலகப் பிரசித்தம். அந்த உவமைக்கு அகமதாபாத் ஒரு பெரிய வியாக்கியானம். அங்கே சுவர்களில் முழு வட்டங்களாகவும் அரை வட்டங்களாகவும் தாழ்ந்த விற்களாகவும் வாய்திறந்த பெரிய திறப்புகளைக் காண்கிறோம். தாழ்ந்த வளைவு பாரத்தைத் தாங்கும்போது இருபுறமும் வெளியே உதைக்கும். அந்த உதைப்பைத் தடுக்க, வளைவின் இரு முனைகளையும் நாண்போலச் சேர்த்துக்கட்டும் கான்கிரீட் விட்டத்தைக் கான் பொருத்தினார். அழுத்தத்தைத் தாங்குவது செங்கல்லின் சுபாவம். இழுவிசையைத் தாங்குவது கம்பியிட்ட கான்கிரீட்டின் சுபாவம். இரண்டும் தத்தம் சுபாவம் பிறழாமல் ஒன்றுக்கொன்று துணைநிற்பதைப் படிப்பில்லாத கொத்தனாரும் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்வார்.

வகுப்பறைகளும் நூலகமும் ஆசிரியர் அறைகளும் ஒரு பெரிய சதுக்கத்தைச் சூழ்ந்து நிற்க, மாணவர் விடுதிகள் காற்று வரும் திசைக்கு ஏற்பக் கோணமாய்ச் சாய்ந்து வரிசையாக நிற்கின்றன. குஜராத்தின் கோடையில் வெயில் நேரே அறைக்குள் புகாதபடி, வெளிச்சுவருக்கும் அறைக்கும் இடையே ஆழ்ந்த நிழலிடத்தைக் கான் வைத்தார். கல்வி வகுப்பறையில் முடிந்துவிடுவதில்லை என்பது அவருடைய திடமான நம்பிக்கை. ஆசிரியரும் மாணவரும் தற்செயலாகச் சந்தித்து நின்று பேசும் தாழ்வாரமும் படிக்கட்டும் விடுதியின் பொதுக்கூடமும் கல்விச்சாலையின் அங்கங்களே என்று கருதி, அவற்றை மிக விசாலமாக அமைத்தார். பிலடெல்பியாவில் கானிடமே பணிபுரிந்து திரும்பிய ஆனந்த் ராஜே, தோஷியுடன் சேர்ந்து கட்டட வேலையை மேற்பார்த்ததோடு, கான் மறைந்தபின் உணவுக்கூடம் முதலிய பகுதிகளை அதே மரபில் தாமே வடிவமைத்துப் பூர்த்திசெய்தார்.

நீரின் நடுவே ஒரு நாடாளுமன்றம்

அதே 1962-ஆம் ஆண்டிலேயே மற்றொரு பெரும்பணியும் கானை வந்தடைந்தது. கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த பிரதேசத்தின் தலைநகரான டாக்காவை நாட்டின் இரண்டாம் தலைநகராக்கப் பாகிஸ்தான் அதிபர் அயூப் கானின் அரசாங்கம் தீர்மானித்து, அதற்கான சட்டசபையை வடிவமைக்கும் பொறுப்பை வங்காளச் சிற்பி மஸ்ஹருல் இஸ்லாமிடம் அளிக்க முன்வந்தது. அவரும் தோஷியைப் போலவே, உலகின் மேலான சிற்பி ஒருவரால் இது ஆகவேண்டும் என்று விரும்பினார். கொர்புசியேயும் பின்லாந்தின் ஆல்வார் ஆல்ட்டோவும் ஏற்க இயலாமற்போகவே, கான் அழைக்கப்பட்டார்.

டாக்கா ஆறுகள் பின்னிக்கிடக்கும் தாழ்நிலம். மழைக்காலத்தில் நீரே நிலமாகும் ஊர். ஆகவே நிலத்தை வெட்டி ஏரியாக்கி, அதன் நடுவே சபையை எழுப்பினார். மையத்தில் எண்கோண வடிவமான சபைமண்டபம். அதைச் சுற்றிலும் எட்டுப் பகுதிகள். இடையே ஏழெட்டு மாடி உயரத்துக்கு எழும் தாழ்வாரங்கள், உச்சியிலிருந்து இறங்கும் வெளிச்சத்தால் நகரத்து வீதிகள்போல் விளங்குகின்றன. வெளிச்சுவர்களில் ஜன்னல்களுக்குப் பதிலாகப் பிரம்மாண்டமான வட்டங்களும் முக்கோணங்களும் வெட்டப்பட்டிருக்கின்றன. வெயிலும் மழையும் அந்தத் திறப்புகளோடு நின்றுவிட, உள்ளிருக்கும் அறைகளுக்கு மென்மையான ஒளி மட்டும் சென்று சேர்கிறது. நாளொன்றுக்கு ஐந்தடி உயரம் வீதமே கான்கிரீட் வார்க்க முடிந்தது. அன்றன்றைய வேலை முடிந்த இடத்தில் தோன்றும் பொருத்துவாயின்மேல் வெண்சலவைக்கல் பட்டையைப் பதித்தார். நீண்ட சுவர்களெங்கும் கோடுகளாய் ஓடும் அந்தப் பட்டைகள், மழைநீரைத் தடுத்து உதறுவதோடு, மூங்கிற் சாரத்தின்மீது ஏறி வேலைசெய்த எத்தனையோ தொழிலாளரின் தினசரி உழைப்பையும் சுவரிலே எழுதிவைத்திருக்கின்றன.

தொழுகைக்கு ஓர் அறை வேண்டும் என்பதுதான் அரசாங்கம் கேட்டது. கானோ சபையின் நுழைவாயிலிலேயே ஒரு பள்ளிவாசலை அமைத்து, அது மட்டும் மெக்காவின் திசையை நோக்கிச் சற்றே திரும்பி நிற்கும்படி செய்தார். மனிதர் கூடிச் சட்டம் இயற்றுவது ஒரு புனிதமான காரியம் என்ற எண்ணம் ஒரு யூதச் சிற்பியின் உள்ளத்திலிருந்து இஸ்லாமிய மக்களின் சபைக்கு இவ்வாறு வந்து சேர்ந்தது.

1971-இல் விடுதலைப் போர் மூண்டபோது வேலை நின்றது. போரின் முடிவில் பிறந்த வங்கதேசம், உண்ண உணவுக்கே தவித்த நாட்களிலும் அந்தக் கட்டடத்தைக் கைவிடவில்லை. மேற்குப் பாகிஸ்தானிலிருந்த ஆட்சியாளர் தொடங்கிய மாளிகை அது என்று வெறுத்தொதுக்காமல், தன் ஜனநாயகத்தின் வீடாக அதை வரித்துக்கொண்டது. கானின் மறைவுக்குப் பிறகு, அவரிடம் பணியாற்றிய ஹென்றி வில்காட்ஸ் முதலியோரின் பிரயாசையால் 1982-இல் கட்டடம் பூர்த்தியாயிற்று. 1989-இல் கட்டடக் கலைக்கான ஆகா கான் விருது அதற்கு வழங்கப்பட்டது. அந்நாட்டு நாணயத் தாளிலும் இடம்பெற்ற அந்த உருவத்தை வங்கதேசத்துக் குழந்தைகளும் அறிவார்கள்.

புத்தகத்துக்கும் சித்திரத்துக்கும்

இந்தப் பெரும்பணிகள் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, அமெரிக்காவில் இரண்டு சிறிய அற்புதங்கள் உருவாயின. இரண்டும் 1972-இல் முடிந்தன. நியூ ஹாம்ப்ஷயரில் எக்ஸெட்டர் பள்ளியின் நூலகம் ஒன்று. புத்தகத்தை எடுத்த மனிதன் வெளிச்சத்தை நோக்கிப் போகிறான் என்பதுதான் அதன் மூல எண்ணம். ஆகவே நடுவே, மாபெரும் வட்டத் திறப்புகளின் வழியே அடுக்கடுக்காய்ப் புத்தகங்கள் காட்சிதரும் உயர்ந்த கூடத்தையும், அதைச் சுற்றி நூலடுக்குகளையும், வெளி ஓரத்தில் சாளரத்தை ஒட்டி மாணவர் அமர்ந்து படிக்கும் மரத்தாலான சிறு இடங்களையும் வைத்தார். ஒவ்வோர் இருக்கைக்கும் ஒரு குட்டி ஜன்னலும் அதை மூடித் திறக்க ஒரு மரப்பலகையும் உண்டு. வேண்டிய வெளிச்சத்தை மாணவனே தீர்மானிக்கலாம். வெளிச்சுவரின் செங்கல் தூண்கள் மேலே செல்லச் செல்லக் குறுகுகின்றன. சுமக்கவேண்டிய பாரம் மேலே குறைகிறது என்ற உண்மையை வேறு விளக்கமின்றி அவை சொல்லிவிடுகின்றன.

மற்றொன்று டெக்ஸஸ் மாகாணத்தில் போர்ட் வொர்த் நகரிலுள்ள கிம்பெல் கலைக்கூடம். நூறடி நீளமுள்ள வளைவுக் கூரைகள் பல அடுத்தடுத்து நிற்க, ஒவ்வொன்றின் உச்சியிலும் நெடுகிலும் ஒரு குறுகிய பிளவு. டெக்ஸஸின் கொடிய வெயில் அந்தப் பிளவின் வழியே இறங்கி, நுண்துளைகளிட்ட அலுமினியத் தகடுகளின்மேல் பட்டுத் திரும்பி, கூரையின் உட்புறத்தில் பரவி, வெள்ளியை உருக்கி வார்த்ததுபோன்ற ஒளியாய்ச் சித்திரங்களின்மேல் படிகிறது. ரிச்சர்ட்ஸ் ஆய்வுக்கூடத்தில் கண்ணைக் கூசச்செய்த அதே சூரியனை, பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் ஓவியத்துக்கு ஊழியம் செய்யவைத்துவிட்டார். கூரைக் கணக்குகளில் அவருக்கு உற்ற துணையாயிருந்த பொறியியலாளர் ஆகஸ்ட் கோமென்டான்டும், ஒளியமைப்பில் வல்லவரான ரிச்சர்ட் கெல்லியும் இந்தப் புகழில் பங்குடையவர்கள்.

மனிதரும் மறைவும்

கலையில் இவ்வளவு ஒழுங்கைக் கண்ட மனிதருடைய வாழ்க்கை ஒழுங்குக்கு அடங்கவில்லை. மனைவி எஸ்தருடனும் மகளுடனும் வாழ்ந்த வீட்டைத் தவிர, ஆன் டிங்கிடம் ஒரு மகளும், நிலவடிவமைப்புக் கலைஞரான ஹாரியட் பாட்டிசனிடம் ஒரு மகனும் அவருக்கு உண்டு. இரு பெண்மணிகளும் அவருடைய படைப்புகளுக்கு அறிவாலும் உழைப்பாலும் வளம் சேர்த்தவர்கள். அவர்கள் பட்ட துன்பத்தை அவருடைய மேதைமை ஈடுசெய்துவிட்டதாகச் சொல்வது நியாயமாகாது. மகன் நத்தானியேல் கான், தாம் அதிகம் அறியாத தகப்பனாரைத் தேடி உலகெங்கும் அவர் கட்டடங்களைச் சென்று கண்டு, 2003-இல் ஓர் ஆவணப்படமாக அதைப் பதிவுசெய்தார்.

1974 மார்ச் மாதத்தில் அகமதாபாத்துக்கு வந்து, வளர்ந்துகொண்டிருந்த கட்டடங்களைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகையில், மார்ச் 17 அன்று நியூயார்க்கின் பென்சில்வேனியா ரயில் நிலையத்தில் மாரடைப்பால் உயிர்நீத்தார். வயது எழுபத்துமூன்று. இறந்தவர் இன்னாரென்ற தகவல் குடும்பத்தாரை எட்ட இரண்டு நாட்கள் சென்றன. அமெரிக்க, பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் சங்கங்களின் தங்கப் பதக்கங்களைப் பெற்றிருந்த அம்மனிதர் விட்டுச்சென்ற செல்வம் ஒன்றுமில்லை. அலுவலகம் பெருங்கடனில் மூழ்கியிருந்தது. அவர் கைப்பட எழுதிய வரைபடங்கள் சிதறிப்போகாமல் பென்சில்வேனியா மாநிலமே விலைக்கு வாங்கி, அவர் படித்த சர்வகலாசாலையில் வைத்துக் காத்துவருகிறது. யேலில் அவருடைய முதற்பெரும் கட்டடத்துக்கு எதிரிலேயே அமைந்த பிரிட்டிஷ் கலை நிலையம், மறைவுக்குப் பின் 1977-இல் திறக்கப்பட்டது. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் நினைவாக நியூயார்க்கில் அவர் வரைந்துவைத்த பூங்கா, முப்பத்தெட்டு ஆண்டுகள் காத்திருந்து 2012-இல் உருப்பெற்றது.

நம்முடைய பொறுப்பு

அமெரிக்கா அவர் வரைந்த காகிதத்தைக்கூடப் போற்றுகிறது. வங்கதேசம் போரின் சாம்பலிலிருந்து எழுந்து அவருடைய கட்டடத்தை முடித்தது. நாம் என்ன செய்கிறோம்? 2020 டிசம்பரில், பதினெட்டு மாணவர் விடுதிகளுள் பதினான்கை இடித்துவிட்டுப் புதியன கட்ட அகமதாபாத் கழகத்தின் நிர்வாகம் முற்பட்டது. உலகின் பல பாகங்களிலிருந்தும் எழுந்த ஆட்சேபங்களைக் கேட்டு, 2021 ஜனவரியில் அந்த உத்தேசத்தை அது கைவிட்டது. மீண்டும் 2022 நவம்பரில், விடுதிகள் வாசத்துக்குத் தக்க பாதுகாப்புடையவையல்ல என்று பொறியியல் ஆய்வுகள் காட்டுவதாகவும், புறத்தோற்றம் மாறாமல் அவற்றைத் திரும்பக் கட்டப்போவதாகவும் அறிவித்தது.

நிர்வாகத்தின் கவலையைப் புறக்கணிக்கலாகாது. செங்கற்களுள் தரம் குறைந்தவை உண்டு. சுவருக்குள் வைத்த கம்பிகள் துருவேறி வீங்கிச் செங்கல்லைப் பிளந்திருக்கின்றன. 2001-இன் பூகம்பம் மேலும் சேதம் விளைத்தது. உறங்கும் மாணவரின் உயிரைவிட எந்தச் சுவரும் பெரிதன்று. ஆனால் அதே வளாகத்தில், அதே செங்கல்லாலான விக்ரம் சாராபாய் நூலகத்தைப் பிருந்தா சோமயாவின் குழுவினர் பொறுமையோடு பழுதுபார்த்துப் புத்துயிர் அளித்ததும், அப்பணிக்கு 2019-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்ததும் நம் கண்முன் நடந்தவை. செய்ய முடியும் என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டுவதில்லை. வெளித்தோற்றத்தை மட்டும் நகலெடுத்துக் கட்டுவதோ, கட்டடத்தின் உள்ளும் புறமும் ஒன்றாயிருக்க வேண்டுமென்று ஆயுள் முழுவதும் வாதாடிய ஒருவருக்கு இழைக்கும் பெரும் அநீதியாகும். டில்லியில் ராஜ் ரேவல் வடிவமைத்த ‘ஹால் ஆஃப் நேஷன்ஸ்’ கண்காட்சி மண்டபம் 2017-இல் ஒரே இரவில் இடித்துத் தள்ளப்பட்டதை நாம் கண்டோம். அந்த நஷ்டத்தை இனி எந்தப் பணத்தாலும் சரிக்கட்ட இயலாது.

ஆயிரம் ஆண்டுக் கோயிலைக் காக்கவேண்டும் என்று நமக்கு எவரும் சொல்லத் தேவையில்லை. ஐம்பதாண்டுக் கட்டடமும் காக்கத்தக்கதாயிருக்கலாம் என்பதைத்தான் நாம் இன்னும் கற்கவேண்டியிருக்கிறது. ஆயிரம் ஆண்டைக் கடந்த ஒவ்வொன்றும் ஒருகாலத்தில் ஐம்பதாவது ஆண்டைக் கடந்தே வந்திருக்கிறது. ஆகவே, அகமதாபாத் ஸ்தாபனத்தாரும் மத்திய அரசாங்கமும், தங்களிடமுள்ள ஆய்வறிக்கைகளையெல்லாம் பகிரங்கமாக வெளியிட்டு, பழைய செங்கற் கட்டடங்களைச் செப்பனிடுவதில் தேர்ந்த நிபுணர்களை அழைத்து, காக்கக்கூடிய ஒவ்வொரு சுவரையும் காக்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். அந்நகருக்குச் செல்லும் வாசகர்கள் அனுமதி பெற்று ஒருமுறையேனும் அந்த வளாகத்துக்குள் நடந்து பார்க்கவேண்டும். நம் நாட்டுச் செங்கல்லைக்கொண்டு நம் நாட்டுத் தொழிலாளர் கைகளாலேயே உலகத்தரமான கட்டடத்தை எழுப்ப முடியும் என்பதற்கு அதைவிடச் சிறந்த பாடம் இந்தியாவில் வேறில்லை.